ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் ஒரு பெயர்

இந்தியாவில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் வீடுகளில் பெயர்ப் பட்டியல் இரண்டாகத்தான் இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்தால் சுவரில் முதலில் கண்ணில் படுவதே அந்த அறிவிப்புதான். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது. இருந்தே ஆக வேண்டியது. ஆனாலும், வயிற்றில் உதைக்கும் பிள்ளையை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தாய்க்கு ஆசை வருகிறபோது இரண்டு பட்டியல் உதவாது. எந்தப் பிள்ளை பிறந்தாலும் பொருந்துகிற ஒரு பெயர் இருந்தால் அந்த ஆசை அன்றே நிறைவேறும்.

பொதுப்பெயரைத் தேடி வருகிறவர்களில் இவர்கள் ஒரு வகை. பெயரை வைத்தே பிள்ளையை ஒரு சட்டத்துக்குள் அடைக்கக் கூடாது என்று யோசித்து வருகிறவர்கள் இன்னொரு வகை. தெருவில் நாலு வீட்டில் கேட்காத பெயராக இருக்கட்டும் என்று மட்டும் நினைத்துத் தேடத் தொடங்கி, கடைசியில் பொதுப்பெயரில் வந்து நிற்பவர்களும் உண்டு. மூவருக்கும் சொல்ல வேண்டிய முதல் செய்தி ஒன்றுதான்: இது புது நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் பொதுப்பெயர்கள் எப்போதும் இருந்தன. நாம்தான் இடையில் அவற்றைப் புழங்காமல் விட்டோம்.

தாத்தா பாட்டி பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

பெயர்ப் புத்தகம் வாங்கும் முன் வீட்டிலுள்ள பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஊர்க் கோயில் நன்கொடைப் பட்டியல் ஆகியவற்றை ஒரு தடவை படித்துவிடுங்கள். ரத்தினம், தங்கம், சொர்ணம், அமிர்தம், முத்து, மணி என்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் எது தாத்தா, எது பாட்டி என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பொன், மணி, செல்வம் சார்ந்த இந்தப் பெயர்கள் பிள்ளையை விலைமதிப்பற்ற பொருளாகக் கண்ட மனத்திலிருந்து வந்தவை. அந்த மனம் ஆண் பெண் பார்க்கவில்லை. ஊர்ப்பெயர்களும் அப்படியே: காசி, பழனி, திருப்பதி. எந்தத் தலத்தில் வேண்டிக்கொண்டார்களோ அந்தத் தலத்தின் பெயர் பிள்ளைக்கு வந்தது.

கிறித்தவக் குடும்பங்களில் ஆரோக்கியம், அடைக்கலம், அற்புதம், ஞானம், அருள் ஆகியவை இரு பாலுக்கும் வழங்கியவை. வேளாங்கண்ணி மாதாவின் பேரால் வந்த ஆரோக்கியம் ஒரு வீட்டில் ஆரோக்கியசாமி, அடுத்த வீட்டில் ஆரோக்கியமேரி. முஸ்லிம் குடும்பங்களில் நூர், ஷமீம் இரண்டும் இருவருக்கும் உண்டு. நூர் முகமது, நூர்ஜஹான் இரண்டையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் 'சாமி', 'அம்மாள்' என்று வால் சேரும்போதுதான் பால் தெரிந்தது. வால் இல்லாமல் கூப்பிட்டபோது பெயர் பொதுவாகவே நின்றது. சுப்பிரமணியனும் மணி, மணிமேகலையும் மணி. பிற்பாடு ஆண்பிள்ளை என்றால் 'ஷ்', 'த்' என்று முடிய வேண்டும், பெண்பிள்ளை என்றால் 'ஷா', 'இகா', 'ஸ்ரீ' என்று முடிய வேண்டும் என்ற வழக்கம் வந்தது. பொருளை விட்டுவிட்டு ஓசையைத் தேடத் தொடங்கிய காலம் அது. ஓசை மாறாததால் வகுப்பறையில் பத்துப் பிள்ளைகளின் பெயர் ஒரே மாதிரி கேட்கிறது. வித்தியாசமான பெயர் வேண்டும் என்று தேடியவர்களே ஒரே இடத்தில் வந்து கூடிவிட்டார்கள்.

உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரான அமிர்தத்தை இன்று ஒரு பிள்ளைக்கு வைத்தால் அது வகுப்பில் ஒரே அமிர்தமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அபூர்வமான பெயர், பொதுப்பெயர், குடும்பப் பெயர் மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும் இடம் இது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வாலை எடுத்துவிட்டால்

தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலும் 'அன்' வந்தால் ஆண், 'இ', 'ஐ', 'அரசி', 'செல்வி' வந்தால் பெண். தனித்தமிழ் இயக்கக் காலத்திலும் அதற்குப் பிந்தைய திராவிட இயக்கக் காலத்திலும் உருவான அழகான பெயர்களில் பெரும்பாலானவை இப்படிக் கட்டப்பட்டவைதாம். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அந்தப் பெயர்களின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பொதுப்பெயர் கிடைத்துவிடும். அன்பு, எழில், தமிழ், அறிவு, வெற்றி, மகிழ், யாழ், சுடர், முகில், இசை, கவி, புகழ், துளிர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. இவற்றில் அன்பு, தமிழ், எழில், வெற்றி நான்கும் ஏற்கெனவே ஆண் பெண் இருவருக்கும் நன்றாகப் பழகிவிட்டவை. முகிலுக்கு ஆண்சாய்வு கொஞ்சம் இருக்கிறது, யாழுக்குப் பெண்சாய்வு கொஞ்சம். அது நீங்கள் வைக்கவைக்க மாறும்.

திருக்குறள் அதிகாரத் தலைப்புகளை ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பாருங்கள். வாய்மை, ஈகை, புகழ், பண்பு, ஊக்கம் என்று குணங்களின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. குணத்துக்குப் பால் கிடையாது. வாய்மை என்று ஒரு மகளையோ மகனையோ கூப்பிடுவது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! ஆனால் ஏட்டில் நன்றாக இருக்கும் எல்லாச் சொல்லும் தெருவுக்கு ஒத்துவராது. பொறை உயர்ந்த குணம்; சென்னையில் அது டீயில் நனைத்துச் சாப்பிடும் காய்ந்த ரொட்டி. பள்ளிக்கூட வாசலில் பிள்ளை என்ன பாடுபடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பால் தெரியாத பெயர் ஆங்கில வாக்கியத்தில் கடைசிவரை மறைந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் பிரதிப்பெயர் காட்டிக்கொடுத்துவிடும். தமிழிலோ வினைச்சொல்லே காட்டிவிடும்: எழில் வந்தான், எழில் வந்தாள். 'எழில் வந்தார்' என்னும்போது மட்டும்தான் மரியாதை மேலே நின்று பால் பின்னுக்குப் போகிறது. இந்த 'ஆர்' விகுதியின் வலிமையைச் சங்கப் புலவர்களின் பெயரில் பார்க்கலாம். பெயர்கள் ஆர் ஈற்றில் முடிவதால், சங்கப் பாடல்களைப் பாடிய பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடுகிறது. ஒக்கூர் மாசாத்தியார், ஒக்கூர் மாசாத்தனார் என்று ஒரே ஊரின் இருவரைப் பெயர் கொண்டு பிரித்துவிடலாம். எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெயர்கள் முதலில் புலவர் என்று சொல்லின, அதன் பிறகே மற்றதெல்லாம்.

பூப்பெயர் பெண்பெயர்தானா?

மகனுக்குப் பூப்பெயர் வைக்கலாமா என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் திடுக்கிடுவார்கள். பழந்தமிழர் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். ஆநிரை கவரப் போன வீரன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். கோட்டையைக் காத்தவனுக்கு நொச்சி, களத்தில் நேருக்கு நேர் நின்றவனுக்குத் தும்பை, வென்றவனுக்கு வாகை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு அடையாள மாலை. புறத்திணைகளுக்குப் பூக்களின் பெயரை வைத்த மரபில் பூ ஆணுக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. அகத்திணைகளும் அப்படியே. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஐந்தும் நிலத்தின் பெயர், ஒழுக்கத்தின் பெயர், செடி கொடி மரத்தின் பெயர்.

ஆகவே வாகை, வெட்சி, தும்பை, ஆத்தி, நெய்தல், காந்தள் முதலியவற்றை மகனுக்கும் மகளுக்கும் வைக்கலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வருகிறது. அதில் பல இன்று பெயராக அரிதாகவே இடப்படுபவை. என் தேர்வைக் கேட்டால் வாகை என்பேன். சொல்ல எளிது, பொருள் உடனே விளங்குகிறது, எந்தச் சாதியையும் மதத்தையும் காட்டுவதில்லை. மருதத்தைப் பொறுத்தவரை 'மருது' என்று சுருங்கி ஆண்பெயராகிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். ஆத்திக்கும் ஒரு சிறு சிக்கல் உண்டு: வியப்பில் நாம் சொல்லும் 'ஆத்தீ' அதே ஓசையில் இருப்பதால் கேலி கட்டாயம் வரும்.

மகனுக்கும் வைப்பீர்களா?

பொதுப்பெயர் என்ற பேரில் பெரும்பாலும் நடப்பது மகளுக்கு ஆண்பிள்ளைப் பெயர் வைப்பதுதான். அதில் தவறில்லை. ஆனால் மகளை உயர்த்த வேண்டுமென்றால் ஆணின் பெயரைத் தர வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மகளை 'டா' போட்டுக் கொஞ்சும் அப்பா மகனை 'டீ' என்று கொஞ்சுவதில்லை. தேர்ந்தெடுத்த பெயரை மகனுக்கும் மகிழ்ச்சியோடு வைப்பீர்கள் என்றால் அது பொதுப்பெயர். மகனுக்கு என்றதும் தயக்கம் வந்தால் அது உங்கள் மனத்தில் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. மலர் என்ற பெயரை இந்தக் கேள்வியோடு யோசித்துப் பாருங்கள். மலர்மன்னன் என்று ஆண்கள் பெயர் தாங்கியிருக்கிற மொழி இது.

பெயர்களின் பால் நிலையானதும் அல்ல. முதலாம் இராசராச சோழனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். இன்று அருள்மொழி என்றால் முதலில் ஒரு பெண்முகம்தான் நினைவுக்கு வருகிறது. தேன்மொழியும் கயல்விழியும் அந்த ஈற்றைப் பெண்மைக்கு உரியதாக்கிவிட்டார்கள். ஒரு பெயர் பெண்களிடம் பரவத் தொடங்கியதும் ஆண்களைப் பெற்றவர்கள் அதை விட்டு விலகுவது உலகெங்கும் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஆஷ்லி, லெஸ்லி, ஈவ்லின் எல்லாம் ஒரு காலத்தில் ஆண்களின் பெயர்கள். எதிர்த்திசையில் நடப்பது அரிது. இது பெயரின் குறையல்ல, நம் பார்வையின் குறை. மகனைப் பெற்றவர்கள் இந்தப் பெயர்களை வைத்தால்தான் இவை பொதுவாகவே நிலைக்கும். இந்த நூலைப் படிக்கிறவர்களில் ஆண்பிள்ளை பெற்றவர்களிடம் இதைச் சற்று அழுத்தியே கேட்டுக்கொள்கிறேன்.

பெயரில் பாலைச் சுமத்துவது எவ்வளவு கொடுமையாகப் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலில் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயரிடப்பட்ட பெண்கள் இங்கே இருக்கிறார்கள். பள்ளியில் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவு எடுக்கும்போது தன்னை வேண்டாம் என்று அறிவிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். மகாராட்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் 'நக்குசா' என்பார்கள், அதே பொருள்தான். 2011-இல் அங்கே இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு அரசு விழாவில் புதுப் பெயர் சூட்டினார்கள். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் பிச்சை, குப்பை என்று பெயரிட்டதும் உண்டு. அங்கே பயம் இருந்தது, பாசமும் இருந்தது. வேண்டாம் என்ற பெயருக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. உறவில் இப்படி ஒரு பெயர் இன்னும் இருந்தால், அந்தப் பெண் விரும்பினால், அரசிதழ் வழியாக மாற்றித் தர உதவுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளை வளர்ந்து தன்னைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ உணரலாம். அப்போது பழைய பெயரைக் கேட்பதே பலருக்கு வலியாகிறது. பொதுப்பெயர் தாங்கிய பிள்ளைக்கு, விரும்பினால், பெற்றோர் வைத்த பெயரோடேயே வாழ்கிற ஒரு வழி திறந்திருக்கும்.

இன்ஷியலும் இரண்டாம் பெயரும்

பஞ்சாபில் சீக்கியரின் இயற்பெயர்கள் பெரும்பாலும் பொதுவானவை. பின்னால் வரும் சிங், கவுர்தான் பாலைக் காட்டும். இந்திய ஆண்கள் ஹாக்கி அணியை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கு அழைத்துச் சென்ற தலைவர் ஹர்மன்பிரீத் சிங். பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் கவுர். நம்மிடம் அந்தப் பின்பெயர் இல்லை. இன்ஷியல் இருக்கிறது. 'க. எழில்' என்று எழுதினால் பாலும் தெரியாது, சாதியும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, வாடகைக்கு வீடு கேட்கும்போது இந்த மறைவு பிள்ளைக்கு எவ்வளவு துணை என்பதை விளக்கத் தேவையில்லை. இன்ஷியலில் அம்மாவின் முதலெழுத்தையும் சேர்க்க விரும்பினால் முதல் சான்றிதழிலிருந்தே சேருங்கள். பாதியில் சேர்த்தால் ஒவ்வொரு சான்றிதழையும் திருத்த அலைய வேண்டிவரும்.

இந்த மறைவு கடவுச்சீட்டில் கலைந்துவிடும். அங்கே இயற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். ஒற்றைப் பெயரை மட்டும் எழுதி மற்றதைக் காலியாக விட்டவர்கள் வெளிநாடு போகையில் படும் சிரமம் கொஞ்சமல்ல. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகத் தெளிவுபடுத்தியது. எனவே இன்ஷியலை விரித்து இரண்டாவது கட்டத்தில் எழுதும் நாள் வரத்தான் போகிறது. எழில் முருகன் என்று எழுதினால் பார்க்கிறவர் ஆண் என்று நினைப்பார். எழில் மீனாட்சி என்றால் பெண் என்று நினைப்பார். தொட்டிலிடும் முன்பே இரண்டு பெயரையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டில் வாழும் தமிழர் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இந்தியத் தொடர்புள்ள ஒரு தம்பதி மகளுக்கு கிரண் என்று பெயரிட்டபோது, பால் தெரியவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய், பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2008 டிசம்பரில் தீர்ப்பானது. நமக்கு கிரண் பேடியும் தெரியும், கிரண் மோரேயும் தெரியும். அங்கே அதற்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. ஐஸ்லாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் ஆண்பெயர், பெண்பெயர் என்ற பிரிவு நீங்கியது. இந்தியாவில் அப்படி எந்தத் தடையும் இல்லை.

எழுத்தும் நாக்கும்

ழகரம் வரும் பெயர்கள் மிக அழகானவை, எழுதுவதற்கு மிகக் கடினமானவை. யாழ், எழில், தமிழ், மகிழ், பொழில் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுத இசட்-எச் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இலங்கையில் யாழை ஆர்-எல் போட்டு எழுதுவதும் உண்டு.  இசட்-எச்சைப் பார்க்கும் வட இந்தியரும் வெளிநாட்டவரும் 'ஸ' என்று படிப்பார்கள்; யாழினி யாஸினி ஆவாள். அதற்காக ழகரத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளின் பெயரில் வாழாவிட்டால் அந்த எழுத்து வேறெங்கு வாழும்? எந்த எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் அதையே எழுதுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைக்கு மேல் மாற்ற விடமாட்டார்கள்.

எண்கணிதம் பார்த்து நடுவில் கூடுதலாக ஒரு ஏயும் கடைசியில் இரண்டு எச்சும் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அரிய பெயருக்கு அரிய எழுத்துக்கூட்டலும் சேர்ந்தால் பிள்ளை வாழ்நாள் முழுதும் தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பிற மொழியில் என்ன பொருள் என்றும் விசாரியுங்கள். மலாயில் 'மாத்தி' என்றால் இறப்பு. மலேசியாவில் வளரப்போகும் பிள்ளைக்கு மதி என்ற ஒற்றைப் பெயர் வைக்கும் முன் அங்குள்ள உறவினரைக் கேட்பது நல்லது. பூ என்று தொடங்கும் பெயர்களை ஆங்கிலம் பேசும் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பொருள் பார்க்க இணையத்துப் பெயர்ப் பட்டியலை நம்ப வேண்டாம். எந்தப் பெயரைத் தட்டினாலும் கடவுளின் பரிசு, வெற்றியாளர் என்று போட்டிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலோ க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலோ இருந்தால் சரி.

நட்சத்திர எழுத்து, பெரியவர்கள், அத்தை

பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு எழுத்து கொடுத்திருப்பார்கள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. அந்தப் பிள்ளைக்கு அன்பு, இசை, எழில் என்று தமிழ் வாரி வழங்கும். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்குவதில்லை. அங்கேதான் பொருளற்ற புதுப்பெயர்கள் பிறக்கின்றன. இதற்கு நம் வழக்கத்திலேயே தீர்வு உண்டு. பெயர் சூட்டும் நாளில் காதில் ஓதும் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று பல குடும்பங்களில் இரண்டும் வேறுவேறு. மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, மருமகள் அதை வாயால் சொல்லக் கூடாது என்பதால் வேறு பெயரில் கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. நட்சத்திரத்துக்கான பெயரைக் காதில் ஓதுங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

பெரியவர்களிடம் முடிவு செய்துவிட்டுச் சொல்லாதீர்கள். தேர்வு செய்யும்போதே சொல்லுங்கள். "பொம்பளப் புள்ளைக்கு வாகைன்னு யாராச்சும் பேரு வைப்பாங்களா?" என்று மாமியார் கேட்டால், "அத்தை, உங்க அப்பா பேரு ரத்தினம், எங்க பெரியம்மா பேரும் ரத்தினம்தான். அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் குறையலையே" என்று சொல்லலாம். குழந்தையின் அத்தை தொட்டிலில் இட்டுப் பெயர் சொல்லும் வழக்கமுள்ள குடும்பம் என்றால் அவரிடம் முன்கூட்டியே பெயரைச் சொல்லிப் பழக்குங்கள். விழாவில் அவர் வாய் தடுமாறாமல் அழகாகச் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

வீட்டில் எப்படியும் அம்மு, குட்டி, பாப்பு, கண்ணு என்றுதான் கூப்பிடப் போகிறோம். அவை எல்லாமே பொதுப்பெயர்கள்தாம் என்பதைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

அவசரம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அன்றே எழுதியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மருத்துவமனைப் படிவத்தை நீட்டும்போது பதற்றத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய. பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துகொண்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுவரை காலதாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் பதிவேட்டில் எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, வேறு பெயர் வைப்பது எளிதல்ல.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பழைய காலம் போலப் பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. கிடைக்கும் ஓராண்டில் முதல் இரண்டு மூன்று மாதம் பெயரை வாயில் வைத்துப் பழகுங்கள். மாடியிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், திருமண அழைப்பிதழில் இருப்பதாக எழுதிப் பாருங்கள். பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, கணவன் மனைவி இருவரும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.